ஊசிக்கு முன் சிரிஞ்சை ஒரு பெட்டிக்குள் இறக்கி எடுக்கிறார்களே, அதில் வரும் எண்ணை நம்பலாமா?

கேள்வி கேட்டவர் தன் அம்மாவை எலும்பு ஸ்கேனுக்கு அழைத்துப் போயிருக்கிறார். ஊசி போடும் முன் சிரிஞ்சைக் குட்டிக் கிணறு போன்ற ஒரு கருவிக்குள் இறக்கி, எண்ணைக் குறித்துக்கொண்டார்களாம். அது எதற்கு, அந்த எண் சரிதானா என்பது கேள்வி. அடுத்த ஸ்கேனும் வரவிருக்கிறதாம்.

அந்தக் கிணற்றுக்குப் பெயர் டோஸ் காலிப்ரேட்டர்; ஊசி மருந்தில் எவ்வளவு கதிரியக்கம் இருக்கிறது என்று அளக்கும் கருவி. வட சென்னையில் ஒரு மருத்துவமனையின் அணு மருத்துவப் பிரிவில் வேலை பார்க்கிறேன்; தினமும் காலையில் நான் முதலில் முகம் பார்ப்பது அதனிடம்தான். எண்ணை நம்பலாம். ஆனால் கருவி நல்ல கருவி என்பதற்காக அல்ல.

கிணற்றின் சுவருக்குள் அழுத்தத்தில் அடைத்த ஆர்கான் வாயு இருக்கிறது. மருந்திலிருந்து வரும் கதிர்கள் அந்த வாயுவை அயனியாக்க, மிக நுண்ணிய மின்னோட்டம் பிறக்கிறது. கருவி அளப்பது அதை மட்டுமே. உள்ளே இருக்கும் கதிரியக்கப் பொருள் எலும்பு ஸ்கேனுக்கான டெக்னீசியமா, தைராய்டுக்கான அயோடினா என்று அதற்குத் தெரியாது. நாம் எந்தப் பொத்தானை அழுத்துகிறோமோ அதற்குரிய எண்ணால் கணக்குப் போட்டு, கதிரியக்கத்தின் அலகான மில்லிகியூரியில் காட்டிவிடும். தவறான பொத்தானை அழுத்தினாலும் அதே தெளிவோடு, தசமப் புள்ளியோடு காட்டும்.

எனக்கே நடந்தது. தைராய்டு நோயாளி ஒருவருக்கு அயோடின்-131 மாத்திரை. பெட்டியில் 15 மில்லிகியூரி என்று எழுதியிருந்தது. குறித்த நாளிலிருந்து மூன்று நாள் ஆகியிருந்தது. அயோடின்-131இன் அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறையும் காலம், 8 நாள். பேனாவால் போட்டுப் பார்த்த கணக்கில் 11.6 வந்தது. கருவியோ 16.5 என்றது. எழுதியிருந்ததைவிடவே அதிகம்! கதிரியக்கம் கரையுமே தவிர, தானாக வளராது. அதற்கு முன் அளந்த எலும்பு ஸ்கேன் ஊசிக்காக அழுத்திய டெக்னீசியம் பொத்தானை யாரும் மாற்றவில்லை. அந்த ‘யாரும்’ நான்தான். கைக்கணக்கு இல்லாமல் போயிருந்தால், மாத்திரையில் அவ்வளவு இருக்கிறது என்றே நம்பிக் கொடுத்திருப்பேன். அன்றிலிருந்து முதலில் பேனா, பிறகுதான் பொத்தான்.

என் பெரியம்மா காசிமேட்டில் மீன் விற்றவர். தராசுத் தட்டில் ஒட்டிய செதிலைத் துடைத்துவிட்டு, வெறும் தட்டைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் மீனை வைப்பார். எங்கள் காலை வேலையும் அதுதான். முதலில் வெறும் கிணற்றை அளக்கிறோம். உள்ளுறையில் ஒரு சொட்டு மருந்து சிந்தியிருந்தால் அன்று முழுக்க எல்லா ஊசியும் கூடுதலாகவே காட்டும். ஈயக் கவசம் இல்லாமல் பக்கத்து மேசையில் மறந்து வைத்த குப்பி போதும், ஏன், ஊசி போட்டுக்கொண்ட நோயாளி வாசலில் வந்து நின்றாலே வெற்றுக் கிணற்றின் எண் ஏறும்.

அடுத்தது எங்கள் எடைக்கல்: சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருளை அடைத்த சிறு சோதனைக் குப்பி. அதன் அரை ஆயுள் 30 ஆண்டு என்பதால் இன்று என்ன காட்ட வேண்டும் என்பது முன்கூட்டியே தெரியும். ஆண்டுக்கு 2 சதவீதத்துக்குச் சற்று மேல்தான் குறையும். எதிர்பார்த்த எண்ணிலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் விலகினால் அன்று ஊசி கிடையாது, காரணம் தேட வேண்டும். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: தினமும் ஒரே எண் வருவதால் கருவி மாறவில்லை என்று தெரியுமே ஒழிய, சரி என்று ஆகிவிடாது. நாள்தோறும் ஒரே அளவு தவறாகக் காட்டும் கருவியும் உண்டு. அதனால்தான் தேசிய அளவைத் தரத்தோடு ஒப்பிட்டுச் சான்றளித்த கதிரியக்கப் பொருளை வைத்துத் தனியாகச் சரிபார்க்கிறோம். இந்தியாவில் அந்தத் தரம் மும்பையின் பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் இருக்கிறது.

சிறிய அளவுக்கும் பெரிய அளவுக்கும் கருவி ஒரே நேர்மையோடு நடக்கிறதா என்ற சோதனை பொறுமையைக் கேட்பது. காலையில் 200 மில்லிகியூரி டெக்னீசியம்-99எம் குப்பியை அளந்து வைத்தால், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாக வேண்டும். மறுநாள் அதே நேரம் 12.5, அதற்கு மறுநாள் 0.78. இடையில் ஒருவர் இரவில் வந்து அளக்க வேண்டும். யார் என்று சீட்டுப் போட்டதும் உண்டு.

பிறகு கடிகாரம். கட்டிகளைக் காட்டும் பெட் ஸ்கேனில் பயன்படும் ஃப்ளோரின்-18இன் அரை ஆயுள் 110 நிமிடம். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி வரிசையில் மருந்து வண்டி மாட்டிக்கொண்டால் எங்களுக்கு வயிற்றில் புளி கரைவது அதனால்தான். வண்டி தாமதமானால் தெரிந்துவிடும். கடிகாரம் தாமதமானால் தெரியாது. ஹாட் லேப் என்று நாங்கள் சொல்லும், மருந்தை அளந்து தயார் செய்யும் அறையின் சுவர்க் கடிகாரம் ஸ்கேனர் கணினியைவிட 7 நிமிடம் பிந்தி ஓடியதை ஒருநாள் கண்டுபிடித்தோம். ஃப்ளோரின்-18இல் அது 4 சதவீதத்துக்கு மேற்பட்ட பிழை. இன்னும் வேகமாகக் கரையும் காலியம்-68 என்றால் 7 சதவீதம். கட்டி மருந்தை எவ்வளவு உறிஞ்சியது என்ற எண்ணைப் போன முறை எண்ணோடு ஒப்பிட்டுத்தான் மருத்துவர் சிகிச்சை பலிக்கிறதா என்று முடிவெடுக்கிறார். பிழை நேராக அந்த எண்ணில் போய் உட்காரும்.

டெக்னீசியத்தோடு, அது பிறக்கும் தாய்ப் பொருளான மாலிப்டினம்-99 கலந்து வந்துவிட்டதா என்றும் பார்க்கிறோம். குப்பியை ஈயச் சிமிழில் வைத்து அளந்தால் டெக்னீசியத்தின் கதிர் நின்றுவிடும், மாலிப்டினத்தின் வலுவான கதிர் மட்டும் வெளியே வரும். டெக்னீசியம் ஒரு மில்லிகியூரிக்கு மாலிப்டினம் 0.15 மைக்ரோகியூரி (மில்லிகியூரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோகியூரி) என்பது வரம்பு. டெக்னீசியம் வேகமாகக் கரைவதால் காலையில் தேறிய குப்பி மாலையில் வரம்பைத் தாண்டலாம்.

அடுத்த முறை அம்மாவோடு போகும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஊசி போட்ட பிறகு காலி சிரிஞ்சையும் அதே கிணற்றுக்குள் இறக்குவார்கள். சிரிஞ்சிலும் ஊசி முனையிலும் ஒட்டிய மிச்சத்தைக் கழித்தால்தான் உடலுக்குள் போனது எவ்வளவு என்று தெரியும். இறக்காவிட்டால் கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டோம். எலும்பு ஸ்கேனுக்கு அதன் பிறகு இரண்டு, மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும். மருத்துவர் தண்ணீருக்குக் கட்டுப்பாடு வைத்திருக்கவில்லை என்றால், கையில் பெரிய பாட்டிலாகக் கொண்டுபோங்கள்.