எதிர் அறிவிப்பில் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: நானும் என் தம்பியும் இரண்டு ஆண்டுகள் உழைத்து ஒரு கைப்பேசிப் புதிர் விளையாட்டை உருவாக்கினோம். புகழ்பெற்ற வெளிநாட்டு விளையாட்டு ஒன்றைப் போலவே இருப்பதாக அதன் உரிமையாளர்கள் புகார் செய்ய, அமெரிக்க ஆப் ஸ்டோர் எங்களுடையதை நீக்கிவிட்டது. ஒரு வரி நிரல்கூட நாங்கள் திருடவில்லை. இதே போல நூறு விளையாட்டுகள் அங்கே இருக்கும்போது எங்களை மட்டும் குறிவைக்கிறார்கள். மனைவியின் நகை அடகில் இருக்கிறது. போகிமானைப் போலவே இருக்கும் பால்வேர்ல்ட் விளையாட்டு விற்கவில்லையா? விளையாட்டு விதிகளுக்குப் பதிப்புரிமை கிடையாது என்கிறார் நண்பர். நீக்கியது தவறு, திரும்பப் போடுங்கள் என்று ஆப் ஸ்டோருக்கு எதிர் அறிவிப்பு அனுப்பலாமா?
- வாசகர், கோவை

பதில்: நகை, உழைப்பு, அந்த நூறு பேர் எதுவும் வழக்கில் நிற்காது. பக்கத்துக் கடைக்காரரை விட்டுவிட்டீர்களே என்பதை எந்த நீதிமன்றமும் எதிர்வாதமாக ஏற்பதில்லை. நிரல் பேச்சையும் விடுங்கள். புகார் நிரலைப் பற்றியதல்ல, திரையில் தெரிவதைப் பற்றியது.

நண்பர் சொன்னது பாதி சரி. கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை என்று நம் உச்ச நீதிமன்றம் 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கிலேயே சொல்லிவிட்டது. ஒரே வகைப் பழம் மூன்று சேர்ந்தால் வெடிக்கும் என்பது விதி. அதை யாரும் எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பழமும் வெடிப்பும் திரையில் எப்படித் தெரிகின்றன என்பதுதான் பிரச்சினை. நீங்கள் அனுப்பிய இரண்டு திரைப் பதிவுகளையும் என் எழுத்தரிடம் காட்டினேன். எது உங்களுடையது என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. வளைந்து போகும் பாதை, வலது மூலையில் மதிப்பெண், கண் சிமிட்டும் பழங்கள் எல்லாம் அச்சு அசல். ஓவியருக்கு நீங்கள் அனுப்பிய குறுஞ்செய்தி வேறு: "அப்படியே வேண்டும், நிறத்தை மட்டும் கொஞ்சம் மாற்றுங்கள்." அதை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். அழிக்கவும் செய்யாதீர்கள், அது இன்னும் மோசம்.

கட்டிகளை அடுக்கும் டெட்ரிஸ் விளையாட்டைப் பார்த்து மினோ என்ற ஒன்றைச் செய்தவர்களும், சட்டத்தை அலசிவிட்டு விதிகளை மட்டுமே எடுத்தோம் என்றுதான் வாதாடினார்கள். 2012இல் நியூஜெர்சி கூட்டாட்சி நீதிமன்றத்தில் தோற்றார்கள். கட்டிகளின் தோற்றமும் பத்துக்கு இருபது என்ற களத்தின் அளவும்கூட விதியோடு சேராது, பதிப்புரிமை உள்ள வெளிப்பாட்டில்தான் சேரும் என்றது தீர்ப்பு. பால்வேர்ல்டைப் பார்த்தும் தைரியம் கொள்ளாதீர்கள். 2024 செப்டம்பரில் நின்டெண்டோவும் போகிமான் நிறுவனமும் டோக்கியோவில் அவர்கள் மீது வழக்குத் தொடுத்தன. அதுவும் பதிப்புரிமையில் அல்ல, காப்புரிமையில் (பேடன்ட்). விளையாட்டின் சில அம்சங்களை அவர்கள் மாற்ற வேண்டியதாயிற்று.

இனி எதிர் அறிவிப்பு. கோபத்தில் இருக்கும் கட்சிக்காரர்கள் விழும் குழி இதுதான். இணையப் படிவம், நான்கு கட்டம், ஒரு பொத்தான். புகார்ப் பெட்டியில் கடிதம் போடுவது போல நினைத்துக்கொள்கிறார்கள். அந்தப் படிவத்தில் நீங்கள் இரண்டு காரியம் செய்கிறீர்கள். தவறுதலாக நீக்கிவிட்டார்கள் என்று நம்புவதாக, பொய்யானால் தண்டனைக்குரிய உறுதிமொழி தருகிறீர்கள். ஓவியருக்கு அப்படி எழுதிய கையால் இதை எழுத முடியுமா? அடுத்து, அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றத்தின் அதிகார வரம்பை ஏற்கிறீர்கள். கோவையில் இருப்பவர் என்றால், ஆப் ஸ்டோர் எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அங்கே.

இதன் விலை என்ன தெரியுமா? அமெரிக்கத் தீர்ப்பை இங்கே நேரடியாக நிறைவேற்ற முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவில் அறிவிக்கப்பட்ட நாடு அல்ல அது. தீர்ப்பை வைத்து இங்கே புதிதாக வழக்குப் போட வேண்டும். அப்போது, அந்த நீதிமன்றத்துக்கு என் மீது அதிகாரமே இல்லை என்று அதே சட்டத்தின் 13ஆம் பிரிவைக் காட்டி நீங்கள் நிற்கலாம். உங்களிடம் இருக்கும் ஒரே கேடயம் அதுதான். படிவத்தில் கையெழுத்திட்டால் அதையும் எதிராளி கையில் கொடுத்துவிடுகிறீர்கள். தெரிந்தே செய்த மீறலுக்கு அங்கே ஒரு படைப்புக்கு 1,50,000 டாலர் வரை விதிக்கலாம். உங்கள் விளம்பர வருவாயும் அந்த ஊர் நிறுவனத்தின் கையில்தானே இருக்கிறது, அங்கேயே பிடித்துக்கொள்ள?

உள்ளூரிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. பிணையில் விட முடியாத குற்றம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தெரிந்தே செய்தார் என்று காட்ட அந்தக் குறுஞ்செய்தி போதும்.

ஆகவே சமரசம் செய்துகொள்ளுங்கள். கௌரவத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். இந்தப் பதிப்பை விலக்கிக்கொள்கிறோம், தவறை ஒப்புக்கொள்ளவில்லை என்று வழக்கறிஞர் மூலம் எழுதுங்கள். பதிலுக்குக் கடந்த காலக் கோரிக்கைகளைக் கைவிட வேண்டும், ஆப் ஸ்டோர் புகாரைத் திரும்பப் பெற வேண்டும், இரண்டிலும் தம்பியின் பெயரும் வர வேண்டும் என்று கேளுங்கள். அவர்கள் அனுப்பும் வரைவில் "இதை ஒத்த விளையாட்டு எதையும் இனிச் செய்ய மாட்டோம்" என்ற வரி அநேகமாக இருக்கும். அதை அடித்துவிட்டு, இந்தப் படங்களும் இந்தப் பெயரும் என்று சுருக்குங்கள். விதிகள் உங்களிடமே இருக்கட்டும்.

பெயரையும் மாற்றியே ஆக வேண்டும். ஸ்கிராபிள் என்ற சொல் விளையாட்டைப் போலச் செய்த கொல்கத்தா சகோதரர்களின் ஸ்கிராபுலஸ் வழக்கில், 2008இல் டெல்லி உயர் நீதிமன்றம் பலகைக்குப் பதிப்புரிமை இல்லை என்று சொன்ன பிறகும் வணிகச் சின்னத்துக்காகப் பெயருக்குத் தடை போட்டது. லெக்சுலஸ் என்று மாற்றிக்கொண்டு தொழிலைத் தொடர்ந்தார்கள். புதுப் படங்களுக்கு வேறு ஓவியரைப் பிடியுங்கள். அவரிடம் உரிமை மாற்றத்தை எழுத்தில் வாங்குங்கள்.