வாசகர் கேள்வி-பதில்: கட்டளைக்குப் பணியாத விமானம்

இம்மாதக் கடிதங்களில் ஒரே குறை திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. ரேடியோவால் இயக்கும் கனமான மாதிரி விமானம் வானில் கட்டுப்பாட்டை மீறியது, எனவே ரேடியோ இடையூறுதான் காரணம் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். வெளியிலிருந்து வரும் அலைகளைக் கடைசியாகச் சந்தேகிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விமானத்தின் எடை கூடக்கூட, குறை அதன் வயிற்றுக்குள்ளேயே இருப்பதற்கான வாய்ப்பும் கூடுகிறது. அது ஏன் என்பதைக் கடிதங்களை ஒட்டியே விளக்குகிறேன்.

கேள்வி: ஐயா, என்னிடம் 2 மீட்டர் இறக்கை அகலமும் 6 கிலோ எடையும் கொண்ட சாகச விமானம் இருக்கிறது, ரேடியோ 2.4 கிகாஹெர்ட்ஸ் வகை. சென்ற மாதம் அதை வேகமாகக் கீழே பாயவிட்டு மேலே இழுத்தபோது, இரண்டு மூன்று விநாடிகளுக்கு எந்தக் கட்டளைக்கும் அது அசையவில்லை. பிறகு தானாகவே மீண்டது. சுற்றியுள்ள வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகளின் வைஃபை காரணமா, கைத்தொலைபேசிக் கோபுரம் காரணமா?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: எந்த நொடியில் அது நடந்தது என்பதை நீங்கள் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். விடையும் அந்த நொடியில்தான் இருக்கிறது. கைத்தொலைபேசிக் கோபுரங்கள் வேறு அலைவரிசைகளில் இயங்குபவை. வைஃபை நம் ரேடியோவோடு 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அதே பட்டையைப் பகிர்ந்துகொள்வது உண்மைதான். ஆனால் ஒரு வைஃபை தடம் அப்பட்டையில் சுமார் 20 மெகாஹெர்ட்ஸை மட்டுமே பிடித்துக்கொள்கிறது. இன்றைய ரேடியோக்களில் பெரும்பாலானவை பட்டை முழுவதும் தாவித் தாவிக் கட்டளைகளை அனுப்புகின்றன. நெரிசலான இடத்தில் எட்டும் தூரம் குறையலாம். ஆனால் நீங்கள் விமானத்தை மேலே இழுத்த அதே கணத்தில் வைஃபை வந்து குறுக்கிடுவதற்குக் காரணம் எதுவுமில்லை.

அந்தக் கணத்தில் விமானத்துக்குள் நடந்ததை எண்ணிப் பாருங்கள். வேகமாகப் பாயும் 6 கிலோ விமானத்தின் எலிவேட்டரை, அதாவது மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகட்டை, காற்றுக்கு எதிராகத் திருப்ப, தகடுகளை அசைக்கும் சிறு மோட்டாரான வலுவான டிஜிட்டல் சர்வோ ஒவ்வொன்றும் 2 ஆம்பியருக்கு மேல் இழுக்கக்கூடும். நான்கு சர்வோக்கள் ஒரே நேரத்தில் உழைத்தால் 8 ஆம்பியர் ஆகிவிடும். நான்கு செல் கொண்ட 4.8 வோல்ட் நிக்கல் பேட்டரி அந்தச் சுமையில் 4.2 வோல்ட்டுக்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பேட்டரிக்கும், கட்டளைகளை வாங்கும் ரிசீவருக்கும் இடையிலுள்ள சுவிட்ச், இணைப்பி, மெல்லிய கம்பி ஆகிய மூன்றும் சேர்ந்து 0.1 ஓம் மின்தடை தந்தால் மேலும் 0.8 வோல்ட் வழியிலேயே கரைந்துபோகும். ரிசீவருக்கு எஞ்சுவது 3.4 வோல்ட். ரிசீவருக்குள் இருப்பது ஒரு சிறு கணினி. அது வேலை செய்யப் பல வகைகளில் ஏறத்தாழ 3.5 வோல்ட்டாவது தேவை. அதற்குக் கீழே போனால் அணைந்து, மின்னழுத்தம் திரும்பியதும் மறுபடி தொடங்கி, உங்கள் கையிலுள்ள டிரான்ஸ்மிட்டரைத் தேடிக் கண்டுபிடிக்கிறது. நீங்கள் கண்ட இரண்டு மூன்று விநாடி அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இதை ஊகமாக விட்டுவிடாமல் தரையிலேயே சோதித்துவிடலாம். ரிசீவரில் காலியாக உள்ள துளையில் மிகக் குறைந்த அளவைப் பதிந்துவைக்கும் வோல்ட் மீட்டரைச் செருகுங்கள். நண்பர் ஒருவர் எலிவேட்டரையும், விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கைத் தகடான எய்லரானையும் கையால் மெதுவாக அழுத்திப் பிடித்திருக்க, நீங்கள் எல்லாக் குச்சிகளையும் ஒரே நேரத்தில் அசையுங்கள். அளவு 4.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினாலே அந்த விமானத்தைப் பறக்கவிடாதீர்கள். ரேடியோவில் டெலிமெட்ரி வசதி, அதாவது விமானத்திலிருந்து அளவுகளைத் திருப்பி அனுப்பும் வசதி, இருந்தால் ரிசீவர் மின்னழுத்தத்துக்கு எச்சரிக்கை ஒலி வைத்துக்கொள்ளுங்கள்.

பரிகாரம் எளிது. இரண்டு செல் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி 6.6 வோல்ட் தரும், சுமையிலும் அதிகம் தளராது. உங்கள் சர்வோக்கள் அந்த மின்னழுத்தத்தைத் தாங்கும் வகையா என்று மட்டும் முதலில் பாருங்கள். இந்த எடையில் இரண்டு பேட்டரி, இரண்டு சுவிட்ச், இரண்டு தனித் தடங்கள் என்று அமைப்பதை நான் ஆடம்பரமாகக் கருதுவதில்லை. நம் ஊரின் ஈரப்பதத்தையும் மறந்துவிடக் கூடாது. பழைய நிக்கல் பேட்டரிகளின் எதிர்முனைக் கம்பி உறைக்குள்ளேயே கறுத்து அரித்துப்போயிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. நான் ஒரு விமானத்தை இழந்துவிட்டு, பல மாதங்கள் ரேடியோவையே குறை கூறிக்கொண்டிருந்தேன். சுவிட்சின் கம்பியை வெட்டிப் பார்த்தபோதுதான் உள்ளே செம்பு கரியாகியிருந்தது தெரிந்தது. அந்த இழப்பு இன்றும் எனக்கு வலிக்கிறது. ஐந்து நிமிடச் சோதனையில் அதைத் தவிர்த்திருக்க முடியும்.

கேள்வி: என் விமானத்தில் 30 சிசி பெட்ரோல் இயந்திரம் பொருத்தியிருக்கிறேன். இயந்திரம் ஓடாதபோது எல்லாம் சரியாக இருக்கிறது. ஓடத் தொடங்கியதும் எய்லரான் சர்வோக்கள் நடுங்குகின்றன. விலையுயர்ந்த புதிய 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவரை வாங்கி மாற்றிய பிறகும் நடுக்கம் நிற்கவில்லை.
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: ரிசீவருக்குச் செலவழிப்பதற்கு முன் நீங்கள் எழுதியிருக்கக் கூடாதா என்று தோன்றுகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவர், தன் டிரான்ஸ்மிட்டரின் அடையாளத்தோடு பிழையின்றி வந்துசேரும் கட்டளைத் தொகுப்பை மட்டுமே ஏற்றுக்கொள்ளும். சிதைந்து வந்தால் அதைத் தள்ளிவிட்டு முந்தைய கட்டளையையே பிடித்துக்கொண்டிருக்கும்; தாமதம் நீடித்தால் முன்கூட்டியே அமைத்துவைத்த பாதுகாப்பு நிலைக்கு, அதாவது ஃபெயில்சேஃப் நிலைக்குப் போகும். ஆகவே இவ்வகை ரேடியோவில் உண்மையான அலை இடையூறு ஏற்பட்டால் சர்வோ நடுங்காது, உறைந்து நிற்கும். பழைய எஃப்.எம். காலத்தில் இரைச்சல் நேரடியாக நடுக்கமாக வெளிப்பட்டதால், நடுங்கினாலே ரேடியோ என்று சொல்லும் பழக்கம் மூத்தவர்களிடம் தங்கிவிட்டது. உங்கள் விமானத்தில் நடுக்கம் ரிசீவரைத் தாண்டிய இடத்தில், கம்பியிலோ சர்வோவிலோ பிறக்கிறது.

முதலில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, ரேடியோவை மட்டும் இயக்கி, உடற்கூட்டை விரலால் தட்டிப் பாருங்கள். அப்போதே சர்வோ துடித்தால் அதன் உள்ளே நிலையை அளக்கும் பொட்டன்ஷியோமீட்டர் தேய்ந்திருக்கிறது, அல்லது ஓர் இணைப்பி தளர்ந்திருக்கிறது. இயந்திரத்தின் அதிர்வு அதை வெளிக்காட்டியிருக்கிறது, அவ்வளவே. தட்டும்போது அசையவில்லையென்றால் பற்றவைப்பு அமைப்பைப் பாருங்கள். ஸ்பார்க் பிளக்கின் தொப்பி முழுமையாக உட்கார்ந்து, அதன் உலோகப் பின்னலுறை பிளக்கின் அறுகோணப் பகுதியை இறுகப் பற்றியிருக்க வேண்டும். அங்கே சிறு இடைவெளி இருந்தாலும் ஒவ்வொரு பொறியும் ஒரு சிறு ஒலிபரப்பு நிலையமாகிவிடும். மின்தடை உள்ளமைந்த பிளக் கிடைத்தால் அதையே போடுங்கள், என்.ஜி.கே. பிளக்குகளின் பெயரில் வரும் 'ஆர்' எழுத்து அந்த மின்தடையைக் குறிக்கிறது. பற்றவைப்புக்குத் தனிப் பேட்டரி வேண்டும். பற்றவைப்புப் பெட்டியும் அதன் கம்பிகளும் ரிசீவரிலிருந்து குறைந்தது 30 சென்டிமீட்டர் தள்ளியிருக்கட்டும். இயந்திர வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திராட்டிலுக்கு நைலான் இணைப்பைப் பயன்படுத்துங்கள், ஏனெனில் உலோகத்தோடு உலோகம் உரசும் மூட்டும் இரைச்சலை உண்டாக்கும்.

எய்லரான் சர்வோக்கள் மட்டும் நடுங்குவது எனக்கு ஒரு குறிப்பைத் தருகிறது. இறக்கைக்குள் ஓடும் அவற்றின் கம்பிதான் விமானத்திலேயே நீளமானது. நீளக் கம்பி தானே ஆன்டெனாவாகி இரைச்சலை வாங்கிக்கொள்ளும். அந்த மூன்று கம்பிகளையும் முறுக்கிவிட்டு, ரிசீவர் பக்கத்தில், இரைச்சலை அடக்கும் ஒரு ஃபெரைட் வளையத்தில் மூன்று நான்கு சுற்று சுற்றுங்கள். சிம் லிம் டவரின் உதிரிபாகக் கடைகளில் தேடிப்பாருங்கள்.

எல்லாம் முடிந்ததும் ரேடியோவைத் தூரச் சோதனை நிலையில் வைத்து, இயந்திரம் நின்றிருக்கையில் 30 அடி எடுத்துவைத்துப் பின்னே போய்ச் சோதியுங்கள். பிறகு இயந்திரம் மெதுவாகவும் பாதி வேகத்திலும் முழு வேகத்திலும் ஓடுகையில் அதே சோதனையைச் செய்யுங்கள். வால் பகுதியைப் பிடிக்க ஒருவர் அவசியம். விசிறியின் சுழல் தளத்தில் எவரும் நிற்கக் கூடாது. இயந்திரம் நின்றபோதும் ஓடும்போதும் கட்டளை எட்டும் தூரம் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். ரிசீவர் ஆன்டெனாவில் உண்மையில் அலையை வாங்குவது உறை நீக்கிய சுமார் 31 மில்லிமீட்டர் நுனி மட்டுமே, அதாவது அலைநீளத்தில் கால் பங்கு. இரு நுனிகளையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்து, கார்பன் இழைக்கும் பேட்டரிக்கும் மறைவில் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் என் மகன் ஏழரைக் கிலோ எடையில் ஒரு விமானம் கட்ட ஆசைப்படுகிறான். அதற்கு அனுமதி வேண்டுமா?
– ஒரு தாய், பொங்கோல்

பதில்: வேண்டும். 250 கிராமுக்கு மேற்பட்ட ஆளில்லா வானூர்தி எதையும் சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் பதிவுசெய்ய வேண்டும். 1.5 கிலோவுக்கு மேற்பட்டால் பொழுதுபோக்காகப் பறக்கவிடுபவருக்கும் அடிப்படைப் பயிற்சிச் சான்றிதழ் தேவை. 7 கிலோவைத் தாண்டினால் விமானி உரிமமும் இயக்க அனுமதிகளும் வேண்டியிருக்கும். கடல்மட்டத்திலிருந்து 200 அடி, அதாவது சுமார் 60 மீட்டர், உயரத்துக்கு மேல் பறக்கவிடவும், விமான நிலையங்கள் அல்லது ஆகாயப்படைத் தளங்களிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் பறக்கவிடவும் தனி அனுமதி பெற வேண்டும். சாங்கி, சிலேத்தார், பாய லேபார், தெங்கா, செம்பவாங் ஆகியவற்றைச் சுற்றி வட்டம் போட்டால் தீவில் எஞ்சும் இடம் சிறிதே. உங்கள் மகன் முதல் விமானத்தை 5 கிலோவுக்குள் கட்டட்டும் என்பது என் யோசனை.

கேள்வி: ஐயா, நான் பணி ஓய்வு பெற்றவன். அமெரிக்காவிலிருந்து முன்பு கொண்டுவந்த 72 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ ஒன்று பெட்டியோடு பத்திரமாக இருக்கிறது. ஒரு பெரிய விமானத்தில் அதைப் பொருத்தலாமா?
– வாசகர், தெம்பனிஸ்

பதில்: ஐயா, அதைப் பத்திரமாக வைத்திருப்பதை மதிக்கிறேன், ஆயினும் பொருத்த வேண்டாம் என்றே சொல்வேன். அமெரிக்காவில் விமானங்களுக்கு 72.010 முதல் 72.990 மெகாஹெர்ட்ஸ் வரை, 20 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் 11 முதல் 60 வரை எண்ணிட்ட 50 தடங்கள் ஒதுக்கப்பட்டன. ஒரு நாட்டில் அனுமதித்த அலைவரிசை இன்னொரு நாட்டிலும் செல்லும் என்பதில்லை. இங்கே அதை முடிவுசெய்வது தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம்.

சட்டத்தை விட்டுவிட்டாலும், அந்த முறையில் ஒரே தடத்தில் இருவர் ரேடியோவை இயக்கினால் விமானம் விழுந்துவிடும். அதனால்தான் அன்றைய திடல்களில் எண் எழுதிய துணிக்கிளிப்பைப் பலகையிலிருந்து எடுத்தவர் மட்டுமே டிரான்ஸ்மிட்டரைத் தொடலாம் என்ற ஒழுங்கு இருந்தது. அந்த ஒழுங்கையும் மீறும் இடையூறுகள் இருந்தன. 20, 22 ஆகிய தடங்களில் இரு டிரான்ஸ்மிட்டர்கள் அருகருகே இயங்கினால், இரண்டும் கலந்து 18, 24 ஆகிய தடங்களில் போலி அலையை எழுப்பும். 23 தடங்கள் தள்ளியிருக்கும் இரு டிரான்ஸ்மிட்டர்களுக்கு இடையிலான வேறுபாடு 460 கிலோஹெர்ட்ஸ். வாங்கிய அலையை ரிசீவர்கள் உள்ளே மாற்றிக் கையாளும் இடைநிலை அலைவெண்ணான 455 கிலோஹெர்ட்ஸுக்கு அது மிக நெருங்கிவிடுவதால், இரண்டுக்கும் தொடர்பில்லாத மூன்றாவது விமானம் தடுமாறியதும் உண்டு. இன்று கிளிப்பைக் கேட்டு வாங்குவாரும் இல்லை, கொடுப்பாரும் இல்லை. சர்வோக்கள் நல்ல நிலையில் இருந்தால் அவற்றைச் சிறிய விமானம் ஒன்றில் புதிய ரிசீவரோடு பயன்படுத்துங்கள்.

கேள்வி: என் போர் விமான மாதிரி தரையிறங்க வரும்போது இடது இறக்கை திடீரெனக் கீழே சாய்ந்து விழுந்தது. வலது எய்லரான் முழுவதும் கொடுத்தும் பயனில்லை. சிக்னல் போய்விட்டது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். வரைபடத்தில் எடை 4.2 கிலோ; வண்ணமும் பழுதுபார்ப்பும் சேர்ந்து இப்போது 6 கிலோ.
– வாசகர், கிளமெண்டி

பதில்: சிக்னல் போகவில்லை. இறக்கை காற்றைத் தாங்கும் திறனை இழந்தது, அதாவது ஸ்டால் ஆனது. அந்நிலையில் எதிர்ப்பக்க எய்லரானைக் கொடுத்தால், தாழ்ந்த இறக்கையின் தாக்குகோணம், அதாவது அது காற்றை எதிர்கொள்ளும் கோணம், மேலும் கூடி நிலைமை மோசமாகும். கட்டளை சென்றுசேர்ந்தது, ஆனால் அது உதவவில்லை.

ஸ்டால் வேகம் எடையின் வர்க்கமூலத்தைப் பொறுத்து ஏறும். 4.2 கிலோ 6 ஆனால் எடை 1.43 மடங்கு, ஸ்டால் வேகம் ஏறத்தாழ 1.2 மடங்கு. முன்பு மணிக்கு 40 கிலோமீட்டரில் இறங்க முடிந்த விமானத்துக்கு இப்போது 48 வேண்டும். திரும்பும்போது இன்னும் கூடும்: 45 டிகிரி சாய்வில் மேலும் 19 விழுக்காடு, 60 டிகிரியில் 41 விழுக்காடு. நம் மதிய வெப்பத்தில் காற்றின் அடர்த்தியும் சற்றுக் குறைவு. இவை எல்லாம் ஓடுபாதையை நோக்கிய கடைசித் திருப்பத்தில், வேகம் தணிந்திருக்கும் அந்த இடத்தில்தான் ஒன்றுகூடுகின்றன. கனமான விமானங்கள் பெரும்பாலும் அங்கே விழுவது தற்செயல் அல்ல.

பழுதுபார்த்தபின் முதலில் எடையையும் சமநிலைப் புள்ளியையும் அளந்துகொள்ளுங்கள். வாலில் ஒட்டிய ஒவ்வொரு கிராம் பசைக்கும் மூக்கில் பல கிராம் ஈயம் தேவைப்படும். சமநிலைப் புள்ளி பின்னே போயிருந்தால் ஸ்டால் இன்னும் முரட்டுத்தனமாக வரும். பிறகு, அமைதியான காலை வேளையில், 60 மீட்டர் வரம்புக்குள் முடிந்த அளவு உயரத்தில், காற்றை எதிர்நோக்கி நேராகப் பறக்கவிட்டு, திராட்டிலைச் சிறிது சிறிதாகக் குறைத்து மூக்கைத் தாழவிடாமல் பிடியுங்கள். இறக்கை சாயத் தொடங்கும் கணத்தில் எலிவேட்டரைத் தளர்த்தி, திராட்டிலைக் கூட்டி, வாலின் செங்குத்துத் தகடான ரடரால் நேராக்குங்கள். அப்போது திராட்டில் குச்சி இருந்த இடத்தை மனத்தில் பதித்துக்கொண்டு, தரையிறங்கும்போது அதைவிட இரண்டு மூன்று படி மேலே வைத்தபடி, அகலமான தட்டைத் திருப்பத்தில் வாருங்கள். சக்கரம் தரையைத் தொடப்போகும் வரை திராட்டிலை முழுவதும் மூடாதீர்கள்.