தீமோத்தேயுவை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் சபையில் இளைஞர் கூட்டம் நடத்தும் சிலர் சேர்ந்து பைபிளில் பவுலின் உடன் ஊழியர்களான தீமோத்தேயுவுக்கு இரண்டும் தீத்துவுக்கு ஒன்றுமாக எழுதப்பட்ட மூன்று நிருபங்களை, அதாவது கடிதங்களை, படித்து வருகிறோம். பவுலின் ரோமர் நிருபத்தைப் படித்தபோது இருந்த சூடு இதில் இல்லை. சபையை மேற்பார்க்கும் கண்காணி இப்படி இருக்க வேண்டும், உதவிக்காரர் அப்படி இருக்க வேண்டும் என்று ஒரே சட்டதிட்டமாகப் போகிறது. போதாக்குறைக்கு, இவற்றைப் பவுலே எழுதவில்லை என்று ஒருவர் சொல்லிவிட்டார், பாதிப் பேருக்கு ஆர்வமே போய்விட்டது. இவற்றை எப்படித்தான் படிப்பது?

ஜே.

அன்புள்ள ஜே.,

வரிசைப்படி தொடங்கியதுதான் சிக்கல் என்று நினைக்கிறேன். 2 தீமோத்தேயுவின் கடைசி அதிகாரத்தை முதலில் படியுங்கள். சிறையில் இருப்பவரின் குரல் அது. தேமா விட்டுவிட்டுப் போய்விட்டான், லூக்கா மட்டும்தான் கூட இருக்கிறான், கன்னான் அலெக்சந்தர் நிறையத் தீமை செய்தான், நீயும் அவனிடம் எச்சரிக்கையாக இரு, துரோவாவில் கார்ப்புவிடம் வைத்துவிட்டு வந்த மேலங்கியை எடுத்துவா, புத்தகங்களையும், முக்கியமாகத் தோற்சுருள்களையும் கொண்டுவா, மழைக்காலத்துக்கு முன்னால் வந்து சேர். இதைப் படித்துவிட்டு 1 தீமோத்தேயுவுக்குத் திரும்பினால் அந்தச் சட்டதிட்டங்கள் வேறு மாதிரி கேட்கும்.

கண்காணிக்கான தகுதிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். குடிக்கு அடிமையாகக் கூடாது, கை நீட்டக் கூடாது, பண ஆசை கூடாது, புதிதாகச் சேர்ந்தவனாக இருக்கக் கூடாது, வெளியே இருப்பவர்களிடமும் நல்ல பெயர் வேண்டும். அற்புதம் செய்யத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. போதிக்கத் தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் சாதாரண யோக்கியதைதான். அடிக்கிற ஆளைக் கண்காணியாக்காதே என்று எழுதிச் சொல்ல வேண்டியிருந்தது என்றால் எப்படிப்பட்டவர்கள் முன்னால் வந்து நின்றிருப்பார்கள்! ஒவ்வொரு வரியிலும், இதை எழுத வைத்தது எது என்று கேட்டுப் பாருங்கள். பதில் ஊகம்தான், ஆனால் கூட்டம் தூங்காது.

விதவைகள் பகுதி இன்னும் நல்ல உதாரணம். அறுபது வயதுக்குக் குறையாதவர்களை மட்டும் உதவிப் பட்டியலில் சேர் என்கிறது 1 தீமோத்தேயு 5ஆம் அதிகாரம். கொஞ்சம் கறாராகத்தான் இருக்கிறது. ஆனால் அதே இடத்தில், சொந்த வீட்டாரைக் கவனிக்காதவன் அவிசுவாசியைவிடக் கெட்டவன் என்றும், சபைக்குப் பாரம் ஏற்றாதீர்கள் என்றும் வருகிறது. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கிற வீடுகள் பொறுப்பைச் சபையின் தலையில் கட்டிவிட்டு நழுவியிருக்க வேண்டும். யாருக்கு உதவி உண்டு, யாருக்கு இல்லை என்று ஒரு வயதான அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியவன் தீமோத்தேயு. வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்ற அறிவுரையும் அதே அதிகாரத்தில் வருவது தற்செயலாக இருக்கலாம், எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அப்புறம், உங்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் பிடித்திருக்கக்கூடிய 4ஆம் அதிகார வசனம்: "உன் இளமையைக் குறித்து ஒருவனும் உன்னை அசட்டைபண்ணாதபடிக்கு". இளைஞர்கள் இதைக் கேடயமாகத் தூக்கிக்கொள்கிறார்கள். மீதி வரியில் வேலை முழுவதும் தீமோத்தேயுவின் தலையில்தான் விழுகிறது, பேச்சிலும் நடத்தையிலும் மாதிரியாக இருக்கச் சொல்கிறது. பெரியவர்களை அதட்டாமல் தகப்பனைப் போல நினைத்துப் பேசு என்று அடுத்த அதிகாரத்தில் வேறு வருகிறது. மூத்தவர்கள் பக்கம் என்ன சொல்லப்பட்டது என்று பார்க்க வேண்டுமானால் அந்தியோகியா சபையின் கண்காணி இக்நேசியஸைத் தேடிப் படியுங்கள். 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சாவதற்காக ரோமுக்குக் கொண்டுபோகப்படும் வழியில் அவர் எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. மக்னேசியா சபையின் கண்காணி தாமாஸ் வயதில் சிறியவர். அவருடைய இளமையைப் பயன்படுத்திக்கொண்டு எல்லை மீறாதீர்கள் என்று சபைக்கே எழுதுகிறார்.

சிமிர்னா சபையின் கண்காணி பாலிகார்ப்புக்கு இக்நேசியஸ் எழுதியது அதைவிடச் சுவை. மேலங்கி கிடந்த அதே துரோவாவிலிருந்து எழுதியது. நல்ல சீடர்களிடம் அன்பாக இருப்பதில் உனக்கென்ன பெருமை, தொல்லை கொடுப்பவர்களைச் சாந்தத்தால் வழிக்குக் கொண்டுவா, எல்லாக் காயத்துக்கும் ஒரே மருந்து ஆகாது என்கிறார். போதகர் பயிற்சிக்கு இந்த ஒரு பத்தி போதும் என்பேன்.

சரி, பவுல் எழுதினாரா? மறைக்க வேண்டியதில்லை, கூட்டத்திலேயே பேசுங்கள். 1807இல் ஷ்லையர்மாகர் என்ற ஜெர்மன் இறையியலாளர் 1 தீமோத்தேயுவைப் பவுல் எழுதினாரா என்று சந்தேகித்ததிலிருந்து நடக்கிற விவாதம் இது. சொற்களும் நடையும் மற்ற நிருபங்களிலிருந்து விலகுகின்றன, பயண விவரங்கள் அப்போஸ்தலர் நடபடிகளோடு பொருந்தவில்லை என்பது ஒரு தரப்பு. பவுல் ரோமில் விடுதலையாகி மறுபடி பயணம் செய்தார், அவர் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்தவர் வேறு என்பது மறுதரப்பு. மேலங்கியைக் காட்டி, இவ்வளவு சின்ன விஷயத்தை யார் கற்பனை செய்வார்கள் என்று வாதாடாதீர்கள், அதையும் கற்பனை செய்ய முடியும். ஆனால் எழுதியவர் யாராக இருந்தாலும், சபை நடத்திக் கைசுட்டுக்கொண்ட ஒருவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பெண்கள் போதிக்கக் கூடாது என்கிற 1 தீமோத்தேயு 2ஆம் அதிகார வரிகளையும் அடிமைகளுக்கான வரிகளையும் தாண்டிக் குதித்துவிடாதீர்கள். தீத்துவில் முதிர்ந்த பெண்கள் இளம்பெண்களுக்குப் போதிக்க வேண்டும் என்று வருகிறது, தீமோத்தேயுவின் விசுவாசமே பாட்டி லோவிசாளிடமும் அம்மா ஐனிக்கேயாளிடமும் முதலில் இருந்தது என்று இன்னொரு இடத்தில் வருகிறது. இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வாரம் முழுக்கச் சண்டை போடுங்கள், அந்த வாரம் மட்டும் கூட்டத்தைப் பெண்கள் நடத்தட்டும்.