துடுப்பு போட்டவர்களின் ஓட்டு: கேள்வி-பதில்

கடற்படைக்கும் ஜனநாயகத்துக்கும் என்ன சம்பந்தம்?

பழங்கால கிரேக்க நகர அரசான ஏதென்ஸைப் பாருங்கள். கி.மு. 483 வாக்கில் அதன் லாரியம் சுரங்கத்தில் வெள்ளி ஏராளமாகக் கிடைத்தது. குடிமக்களுக்கு ஆளுக்குப் பத்து திராக்மா (வெள்ளி நாணயம்) பிரித்துக் கொடுக்கலாம் என்று பேச்சு. தெமிஸ்டோகிளீஸ் என்ற தலைவர் குறுக்கிட்டு, அந்தப் பணத்தில் போர்க்கப்பல் கட்ட வைத்தார். கி.மு. 480-ல் சலாமிஸில் பாரசீகக் கடற்படையைத் தோற்கடித்தவை அவைதான். ஒரு கப்பலுக்கு 170 துடுப்புக்காரர்கள் வேண்டும். தரைப்படை வீரன் கேடயமும் கவசமும் சொந்தக் காசில் வாங்க வேண்டும். துடுப்பு போட உடம்பில் தெம்பு இருந்தால் போதும். குடிமக்கள் கூடி ஓட்டுப் போடும் மக்கள் மன்றத்தில் ஏழைகளுக்கு ஏற்கெனவே இடம் இருந்தது. ஆனால் ஊரே அவர்கள் கையை நம்பிப் பிழைத்தபோதுதான் அவர்கள் பேச்சுக்கு மதிப்பு வந்தது.

துடுப்பு போட்டவர்கள் சங்கிலியில் கட்டிய அடிமைகள் இல்லையா?

இல்லை. பெரும்பாலோர் குடிமக்களும் சம்பளத்துக்கு வந்த வெளியூர்க்காரர்களும்தான். அடிமைகளும் சில சமயம் இருந்தார்கள். கி.மு. 406-ல் ஆள் பற்றாக்குறை வந்தபோது, துடுப்பு போட்ட அடிமைகளுக்கு விடுதலையே கொடுத்தார்கள்.

பணக்காரர்கள் சும்மா இருந்தார்களா?

இல்லை. கி.மு. 411-ல் ஜனநாயகத்தை விரும்பாத நானூறு பேர் குழு ஆட்சியைப் பிடித்தது. சாமோஸ் தீவில் இருந்த கடற்படை அதை ஏற்கவில்லை. அங்கேயே கூட்டம் போட்டு, பழைய தளபதிகளை நீக்கி, திரசிபூலஸ் உள்ளிட்ட புதியவர்களைத் தேர்ந்தெடுத்தது. சில மாதங்களில் நானூற்றுவர் ஆட்சி கவிழ்ந்தது. கி.மு. 405-ல் எதிரி நகரமான ஸ்பார்ட்டாவிடம் கடற்படையை இழந்த ஏதென்ஸில், கி.மு. 404-ல் ஜனநாயகமும் போனது. மறு ஆண்டு அதை மீட்டவர்கள் துறைமுகமான பிரேயஸைப் பிடித்துக்கொண்டுதான் போரிட்டார்கள்.

இங்கிலாந்துக்கும் இது பொருந்துமா?

ஓரளவுதான். தீவைக் காக்கக் கடற்படை இருந்ததால் பெரிய நிரந்தரத் தரைப்படைக்கு அவசியம் குறைவு. மக்களை அடக்க மன்னர் கையில் ஆயுதமும் குறைவு. ஆனால் அந்தக் கடற்படையே ஆட்களைப் பலவந்தமாகப் பிடித்து வேலை வாங்கியது.

அப்படியானால் கடல் பலம் எல்லோருக்கும் விடுதலை தந்ததா?

தரவில்லை. ஏதென்ஸில் அந்த வெள்ளியை வெட்டியவர்கள் அடிமைகள். பெண்களுக்கு ஓட்டே கிடையாது. கி.மு. 427-ல் ஏதென்ஸுக்கு எதிராகக் கலகம் செய்த மிட்டிலீனி நகரத்தின் ஆண்கள் அனைவரையும் கொல்ல இதே மக்கள் மன்றம் தீர்மானித்து, ஒரு கப்பலையும் அனுப்பிவிட்டது. மறுநாள் மனம் மாறி, அதைத் தடுக்க இன்னொரு கப்பலை விரைந்து அனுப்பியது. எண்ணெயும் ஒயினும் பிசைந்த வாற்கோதுமை மாவைத் தின்றுகொண்டே துடுப்பு போட்டு, முறை வைத்துத் தூங்கி, அந்த மாலுமிகள் சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். அப்படியும் கலகத் தலைவர்கள் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாக அக்கால வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதுகிறார்.