பெட்ரோல் விலை இப்படியே போனால் ஆட்டோ ஓட்டுகிறவர்கள் என்ன செய்வார்கள்?

கேள்வி: பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டி நிற்கிறதே, வண்டி ஓட்டிப் பிழைக்கிறவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? இனிமேல் இந்தத் தொழிலுக்கு எதிர்காலம் இருக்கிறதா?

சென்னையில் 14 வருடமாக ஆட்டோ ஓட்டுகிறேன். முதல் ஐந்து வருடம் நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டினேன், அப்புறம் கடன் போட்டுச் சொந்த வண்டி. அதனால் நான் பார்த்ததைத்தான் சொல்லப் போகிறேன், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலையில் முதல் வேலை பங்க்குக்குப் போவதுதான். 300 ரூபாய்க்குப் போடச் சொல்லி, ஜீரோ பார்த்துவிட்டு, அந்த எண்களையே பார்த்துக்கொண்டு நிற்பேன். ரூபாய் ஓடுகிற வேகத்துக்கு லிட்டர் நகராது. 2013இல் இதே 300 ரூபாய்க்கு நான்கு லிட்டர் வந்தது. இப்போது மூன்று லிட்டர் ஆவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிடுகிறது. போன அந்த ஒரு லிட்டர் என் வண்டிக்கு 25 கிலோமீட்டர். வடபழனியிலிருந்து சென்ட்ரல் போய்த் திரும்பி வந்துவிடலாம்.

2013ஐ ஏன் இழுக்கிறேன் என்றால், சென்னையில் ஆட்டோ கட்டணத்தை அரசு மாற்றி நிர்ணயித்தது அந்த வருடம்தான். ஆகஸ்ட் 25ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய். ஜி.பி.எஸ். வைத்த மீட்டரை இலவசமாகவே தருவோம் என்றும் அன்றைய முதல்வர் ஜெயலலிதா அறிவித்தார். நான் உட்பட எங்கள் ஸ்டாண்டில் எல்லோரும் மீட்டரைத் திருத்திப் பொருத்திக்கொண்டோம். பயணிகளும் சந்தோஷப்பட்டார்கள், ஏறி உட்கார்ந்தவுடன் பேரம் இல்லை, இறங்கும்போது சண்டை இல்லை. அன்றைக்கு பெட்ரோல் 75 ரூபாய் அளவில் இருந்தது. பெட்ரோல் 80 ஆனது, 90 ஆனது, 2021 ஜூலையில் சென்னையில் 100ஐத் தாண்டியது. அந்த 25ம் 12ம் மட்டும் பத்து வருடத்துக்கு மேல் அப்படியே நின்றுவிட்டது. எரிபொருள் விலைக்குத் தகுந்தபடி கட்டணத்தை மாற்றுங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2022இல் சொன்னது, சங்கங்களைக் கூப்பிட்டுப் பேசினார்கள், அதற்கு மேல் நகரவில்லை. 2025 பிப்ரவரியில் சங்கங்கள் தாமாகவே முதல் 1.8 கிலோமீட்டருக்கு 50, பிறகு கிலோமீட்டருக்கு 18 என்று அறிவித்தன. அது அங்கீகரிக்கப்பட்ட கட்டணம் இல்லை என்று அரசு தரப்பில் சொல்லிவிட்டார்கள்.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். பத்து கிலோமீட்டர் சவாரி என்று வையுங்கள். பழைய மீட்டர்படி 123 ரூபாய் வரும். போகப் பத்து, திரும்பச் சவாரி கிடைக்காமல் எம்டியாக வரப் பத்து, 20 கிலோமீட்டருக்குப் பெட்ரோலே 75 ரூபாய்க்கு மேல் போய்விடும். மீதி 48 ரூபாய்க்குள். அதில் ஒன்றரை மணி நேர உழைப்பு, வண்டி டியூ, இன்சூரன்ஸ், எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று), டயர், ஆயில் எல்லாம் அடங்க வேண்டும். பெட்ரோல் ஏறின விகிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலே கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்பது இன்றைக்கு 16 ஆகியிருக்க வேண்டும். மற்ற செலவு ஏறினதை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

அதனால் என்ன ஆனது? மீட்டரைப் போட முடியாமல் வாயால் கேட்க ஆரம்பித்தோம். பேர் கெட்டது எங்களுக்கு. போன மாதம் ஒரு வயசான அம்மா கே.கே.நகரிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று நிறுத்தினார்கள், கையில் மஞ்சள் பை, ஸ்கேன் கவர். 220 சொன்னேன். "போன தடவை 150தானே கொடுத்தேன் தம்பி" என்றார்கள். நான் பெட்ரோல் விலையைச் சொன்னேன். அவர்கள் மாத்திரை விலையைச் சொன்னார்கள். கடைசியில் 180க்கு ஒத்துக்கொண்டு ஏறினார்கள். இறங்கும்போது முந்தானையில் முடிந்திருந்த நோட்டுகளை எடுத்து, ஒவ்வொரு பத்து ரூபாயாக என் கையில் வைத்து எண்ணிக் கொடுத்தார்கள். எனக்கு அன்றைக்கு முழுக்க மனசு சரியில்லை. பெட்ரோல் விலையை நானும் வைக்கவில்லை, அந்த அம்மாவும் வைக்கவில்லை, ஆனால் அதற்காக நடுரோட்டில் பேரம் பேசிக்கொண்டு நிற்பது நாங்கள் இரண்டு பேரும்தான். எங்கள் கோபத்துக்கெல்லாம் அடிப்படை இதுதான்.

விலை ஏன் குறைவதில்லை என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். கச்சா எண்ணெய் ஏறினால் ஏறும், உலகச் சந்தை, அது எனக்கும் புரிகிறது. நாம் 85 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்துதான் வாங்குகிறோம், டாலருக்கு எதிராக ரூபாயும் இறங்கியிருக்கிறது. ஆனால் இறங்கும்போது நடந்ததைப் பாருங்கள். 2013 ஆகஸ்டில் பீப்பாய் 100 டாலருக்கு மேல், சென்னையில் பெட்ரோல் 75 அளவு. 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கு நேரம், பீப்பாய் 20 டாலர் அளவுக்கு விழுந்தது. அந்த லாபம் நம் கைக்கு வரும் முன்னே, மே மாதம் மத்திய அரசு கலால் வரியை பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் ஏற்றியது. 2014இல் லிட்டருக்கு 9 ரூபாய் 48 காசாக இருந்த மத்திய வரி அதோடு 32 ரூபாய் 98 காசு ஆனது. ஜூன் 7ஆம் தேதியிலிருந்து மூன்று வாரம் தினமும் விலை ஏறியது. அந்த மாதக் கடைசியில் கச்சா எண்ணெய் 40 டாலர் அளவில்தான் இருந்தது, பங்க்கில் 83 ரூபாய்க்கு மேல். ஊரடங்கில் இரண்டு மாதம் வண்டி எடுக்காமல் வீட்டு நகையை அடகு வைத்துச் சாப்பிட்டுவிட்டு, மறுபடி ரோட்டுக்கு வந்தவனுக்குக் கிடைத்த விலை அது.

நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால் அப்புறம் குறைக்கவும் செய்தார்கள். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு 3 ரூபாய் குறைத்தது, அந்த நவம்பரில் மத்திய அரசு 5 ரூபாய், 2022 மே மாதம் இன்னொரு 8 ரூபாய். 2024 மார்ச்சில் எண்ணெய் நிறுவனங்கள் 2 ரூபாய் குறைத்தன. அப்போது சென்னையில் 100 ரூபாய் 75 காசுக்கு வந்தது. மாநில அரசும் சும்மா இல்லை, 13 சதவீதத்தோடு லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசு என்று வாட் வரி வாங்குகிறது. பங்க் முதலாளிக்கு மிஞ்சுவது லிட்டருக்கு நான்கு ரூபாய் அளவு கமிஷன். தயவுசெய்து பங்க்கில் பெட்ரோல் போடும் பையனிடம் சண்டை போடாதீர்கள், அவன் சம்பளம் நம்மை விடக் குறைச்சல்.

இன்னொன்று என்னால் மறக்கவே முடியாது. 2017 ஜூனிலிருந்து தினமும் விலை மாறும் என்றார்கள், சரி, சந்தை விலை என்று நம்பினோம். 2021 நவம்பரிலிருந்து 2022 மார்ச் வரை 137 நாள் ஒரு காசு ஏறவில்லை. உத்தரப் பிரதேசம் உட்பட ஐந்து மாநிலத் தேர்தல் நடந்த சமயம். முடிவு வந்து பன்னிரண்டு நாளில் ஏற ஆரம்பித்து, 16 நாளில் சென்னையில் 101 ரூபாயிலிருந்து 110ஐத் தாண்டியது. தினமும் மாற்ற முடியும், மாற்றாமலும் வைத்திருக்க முடியும் என்று எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

இதோடு மைலேஜும் குறைகிறது. இப்போது வருகிற பெட்ரோலில் கரும்பு மாதிரி பயிர்களிலிருந்து எடுக்கிற எத்தனாலை 20 சதவீதம் கலக்கிறார்கள். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, அதனால் லிட்டருக்கு ஓடுகிற தூரம் கொஞ்சம் குறையத்தான் செய்யும். மத்திய அரசுக்கு ஆலோசனை சொல்கிற நிதி ஆயோக் அறிக்கையே பழைய கார்களுக்கு 6 முதல் 7 சதவீதம், இரு சக்கர வண்டிகளுக்கு 3 முதல் 4 சதவீதம் குறையலாம் என்று சொன்னது. கரும்பு விவசாயிக்குப் பணம் போகிறது, இறக்குமதி குறைகிறது, அதெல்லாம் நல்லதுதான், நான் எதிர்க்கவில்லை. ஓடுகிற தூரம் குறைந்தால் விலையிலும் அந்த அளவு குறைத்திருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன். இது போதாதென்று மெட்ரோ வேலையால் ஆற்காடு ரோட்டில் முதல் கியரிலேயே ஊர்ந்தது எத்தனை லிட்டரைத் தின்றதோ, அதற்குக் கணக்கே இல்லை. தென் மாவட்ட வெளியூர் பஸ் கோயம்பேட்டிலிருந்து கிளாம்பாக்கம் போன பிறகு விடியற்காலைச் சவாரியும் பாதியாகிவிட்டது.

எதிர்காலம் பற்றிக் கேட்டீர்கள். என் ஸ்டாண்டில் ஒருவர் எலக்ட்ரிக் ஆட்டோ எடுத்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி பழக்கம் என்பதால் ஒரு வாரம் அவர் கணக்கை உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். முழு சார்ஜுக்குப் பத்து யூனிட்டுக்குள் ஆகிறது, அதில் நூறு கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓட்டுகிறார். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று வைத்தாலும் 100 ரூபாய். அதே தூரத்துக்கு எனக்குப் பெட்ரோல் 400 ரூபாய். ஒரு நாளைக்கு 300 ரூபாய் மிச்சம் என்றால் மாதம் 25 நாளில் 7,500 ரூபாய், என் பெண்ணுடைய கல்லூரி ஃபீஸைப் பாதிக்கு மேல் கட்டிவிடலாம். ஆயில் மாற்ற வேண்டாம், சத்தம் இல்லை, சாயங்காலம் இறங்கும்போது முதுகில் அந்த இன்ஜின் சூடும் அதிர்வும் இல்லை என்கிறார். அதைக் கேட்டதும் எனக்கு ஆசையாகவே இருந்தது.

ஆனால் அவருக்குச் சொந்த வீடு, வாசலில் பிளக் பாயின்ட். எனக்கு இரண்டாவது மாடியில் வாடகை வீடு, வண்டி தெருவில் நிற்கிறது. ஹவுஸ் ஓனரிடம் கேட்டேன், ஒயர் தெருவுக்கு வரக்கூடாது, மற்ற குடித்தனக்காரர்களும் கேட்பார்கள் என்றார். அவர் பயமும் நியாயம்தான். வெளியில் சார்ஜ் போடும் இடங்களில் பெரும்பாலானவை காருக்கானவை, விலையும் வீட்டு மின்சாரத்தைவிட அதிகம். ராத்திரி ஒரு மணிக்கு அங்கே போய் மூன்று மணி நேரம் காத்திருந்தால் நான் தூங்குவது எப்போது? மாறவேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், நாங்களும் மாறத் தயார். ஆட்டோ ஸ்டாண்டுகளிலேயே மின்வாரியம் சார்ஜ் பாயின்ட் வைத்தால் பாதிப் பேர் இரண்டு வருடத்தில் பெட்ரோலை விட்டுவிடுவார்கள், இதை நான் உறுதியாகச் சொல்வேன்.

அது வரும்வரை என்ன செய்வது? மீட்டர் கட்டணத்தைப் பெட்ரோல் விலையோடு கட்டுங்கள். விலை ஐந்து ரூபாய் ஏறினால் கட்டணம் தானாக இவ்வளவு ஏறும், இறங்கினால் இறங்கும் என்று ஒரு கணக்கு வைத்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை அறிவித்தால் போதும். இறங்கும்போது நாங்களும் குறைத்துக்கொள்கிறோம். அந்த ஸ்கேன் கவர் அம்மா மாதிரி ஆட்களுக்கும் எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே தெரியும். நான் மறுபடியும் மீட்டர் போட்டு ஓட்ட ஆசைப்படுகிறேன், பேரம் பேசிப் பேசி அலுத்துவிட்டது.

என் பங்குக்கு நானும் விடவில்லை. வண்டிக்கு இன்னும் எட்டு மாத டியூ பாக்கி. அதற்குள் ஹவுஸ் ஓனரிடம் இன்னொரு தடவை பேசப் போகிறேன். காம்பவுண்டுக்கு உள்ளே மாடிப்படிக்குக் கீழே ஒரு வண்டி நிற்கிற இடம் இருக்கிறது, பழைய சைக்கிள்களும் உடைந்த நாற்காலியும்தான் அங்கே கிடக்கின்றன. அதைச் சுத்தம் செய்து, கரண்டுக்குத் தனி சப் மீட்டர் வைக்கிற செலவையும் நானே ஏற்றுக்கொள்கிறேன், மாதா மாதம் அந்த மீட்டரைப் பார்த்துக் கரண்ட் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பார்க்கிறேன்.