பையனுக்குச் செல்போன் வேலைதான் பிடித்திருக்கிறது என்றால்

அக்கா,

நேற்று போனில் அவசரத்தில் பாதிதான் சொன்னேன். மீதியை எழுதுகிறேன். மஸ்கட்டில் இருக்கிற அண்ணனுக்கும் இதை அனுப்பிவிடுங்கள். பிளஸ் டூ முடித்த பையன் செல்போன் வேலைக்குத்தான் போவேன் என்கிறான், ஏஜென்ட் ஒருவர் போன் ஆலையில் வேலை வாங்கித் தருகிறேன் என்கிறார், அதைப் பற்றித்தான்.

"செல்போனை நோண்டுகிறவனுக்கு என்ன எதிர்காலம்?" என்று கேட்டீர்கள். 1995 ஜூலை 31-ல் இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு பேசப்பட்டது. நமக்கு யாராவது கூப்பிட்டாலே நாம் காசு கட்டிய காலம் அது. 2003-ல் அந்தக் கட்டணம் போனது. 2016-ல் ஜியோ வந்ததும் டேட்டா விலை சரிந்தது. இன்று தக்கலைச் சந்தையில் கீரை வாங்கினாலும் போனை நீட்டுகிறோம். முன்பு பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்த போன் இப்போது இங்கேயே தயாராகிறது. ஸ்ரீபெரும்புதூரில் ஐபோனே செய்கிறார்கள். ஆகவே பையன் ஆசைப்படுகிற துறையில் குற்றமில்லை. எந்த வாசல் வழியாக உள்ளே போகிறான் என்பதில்தான் என் கவலை.

ஏஜென்ட் சொல்கிற ஆலை வேலைக்கு இப்போதே அனுப்பலாமா என்றால், வேண்டாம் என்பேன். நோக்கியா ஆலை நினைவிருக்கிறதா? 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கியது. ஆயிரக்கணக்கான இளம்பிள்ளைகள் அங்கே வேலை பார்த்தார்கள். வரித் தகராறு ஒரு பக்கம், ஆண்ட்ராய்டு போன்கள் சந்தையைப் பிடித்தது இன்னொரு பக்கம். 2014 நவம்பரில் உற்பத்தி நின்றுவிட்டது. லைனில் நின்று ஒரே திருகை முடுக்கிப் பழகியவர் அடுத்த இடத்தில் போய் என்னவென்று சொல்வார்? மெஷின் நின்றால் ஏன் நின்றது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கு எந்த எலக்ட்ரானிக்ஸ் ஆலையிலும் இடம் உண்டு. அதே வளாகத்தைப் பிறகு சால்காம்ப் நிறுவனம் வாங்கியது, சார்ஜர் செய்வதற்காக. கம்பெனி மாறும், கைவேலை கூடவே வரும்.

அதனால் டிப்ளமோ படிக்கட்டும். நாகர்கோவில் பக்கம் கோணம் என்ற ஊரில் அரசு பாலிடெக்னிக் இருக்கிறது. பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்தவன் என்பதால் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர விண்ணப்பிக்கலாம், இரண்டே வருடம். எலக்ட்ரானிக்ஸ் பிரிவைக் கேளுங்கள். முடித்த பிறகு ஒரு வருடம் உதவித்தொகையோடு அப்ரெண்டிஸாக, அதாவது கம்பெனியில் தொழில் பழகப் போகலாம். அண்ணன் ஆசைப்படுகிற பி.இ.க்கும் அங்கிருந்தே வழி உண்டு, அதிலும் இரண்டாம் ஆண்டிலேயே சேரலாம். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவன்தானே? தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கும், அதை விட்டுவிடாதீர்கள்.

மார்த்தாண்டத்தில் சர்வீஸ் கோர்ஸ் படிக்கிறேன் என்கிறானே, அதையும் தடுக்காதீர்கள். லீவு நாட்களில் போகட்டும். ஆனால் சேருமுன் ஒன்று பாருங்கள்: டிஸ்ப்ளே, பேட்டரி மாற்றுவதோடு விட்டுவிடுகிறார்களா, அல்லது மைக்ரோஸ்கோப் வைத்து போனுக்குள் இருக்கிற சர்க்யூட் போர்டு வேலை, அதிலுள்ள ஐசி என்கிற சின்னச் சிப்பை மாற்றுவது வரை சொல்லித் தருகிறார்களா? டிஸ்ப்ளே மாற்ற ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். செத்த போர்டை உயிர்ப்பிக்கிறவரைத் தேடி மற்ற கடைக்காரர்களே வருவார்கள். பையனுக்குப் பொறுமையான கை, நான் கவனித்திருக்கிறேன்.

ஏஜென்ட் திரும்பவும் வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். வேலை கம்பெனியின் நேரடிச் சம்பளப் பட்டியலிலா, கான்ட்ராக்டிலா? பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா? ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் பிடித்தது போகக் கையில் எவ்வளவு வரும்? முன்பணம் கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு பையனோடு வாருங்கள். விண்ணப்பத்தை அவன் கையாலேயே நிரப்ப வைக்கலாம்.