டீச்சர் பதில்கள்: 'ஏ டு இசட்' பாடுது, படிக்க மாட்டேங்குது!

கேள்வி: காசிமேடு பக்கம் ஒண்ணாங்கிளாஸ் எடுக்குறேன் மேடம், முப்பது புள்ளைங்க. ஏ டு இசட் பாட்டா பாடுதுங்க, ஆனா போர்டுல 'பின்'னு இங்கிலீஷ்ல எழுதுனா முழிக்குதுங்க. எழுத்தோட சத்தத்த வச்சுக் கூட்டிப் படிக்கிற ஃபோனிக்ஸ எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

பதில்: அதுங்களுக்கு எழுத்தோட பேரு தெரியும்மா, சத்தம் தெரியாது. ஏ டு இசட் வரிசைய ஓரமா வச்சிட்டு எஸ், ஏ, டி, பி, ஐ, என் (s, a, t, p, i, n) இந்த ஆறுல ஆரம்பிங்க, இத வச்சே பின் (pin), டின் (tin), சிட் (sit), டாப் (tap)னு நெறைய வார்த்தை கூட்டிப் படிச்சிடலாம். சத்தம் சொல்லும்போது 'ப'ன்னு இழுக்காதீங்க, 'ப்'னு வெட்டிச் சொல்லுங்க. நமக்குத்தான் புள்ளி வச்ச எழுத்தே இருக்கே, 'ப்-இ-ன்'னு அதுங்களுக்குத் தெரிஞ்ச வழியிலயே கூட்டச் சொல்லுங்க.

பெரிய சிக்கல் இங்கிலீஷ் p-யும் b-யும்தான்! 'பாம்பு'ன்னு சொல்லிப் பாருங்க, மொத ப ஒரு சத்தம், கடைசி பு வேற சத்தம், தமிழ்ல எழுத்து ஒண்ணுதான். அதனால படம், பல் படமெல்லாம் ஒரு பக்கம், தம்பி, கம்பி படமெல்லாம் இன்னொரு பக்கம் பிரிச்சு வைக்கச் சொல்லுங்க, காது பழகிடும்.

தமிழுக்கும் 247-ஐயும் ஒப்பிக்க விடாதீங்க. ட, ப, ம, கூட ட், ம் போதும், படம், மடம், பட்டம் வந்துடும். தெனம் இருபது நிமிஷம், வாரத்துக்கு ரெண்டு மூணு புதுச் சத்தம், வெள்ளிக்கிழமை பழசு மட்டும். லெசன் பிளான் நோட்டு அழகா இருக்கணும்னு ராத்திரி முழிக்காதீங்க.